பனியே பெய்யாத ஊரில் ஆன்டிஃப்ரீஸ் விஷமா?

கேள்வி:

டாக்டர், சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பூனை மீனு இரண்டு வாரத்துக்கு முன்னால் இறந்துவிட்டாள். மூன்று வயது, நாலு கிலோ. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல அப்பா பின்னாலேயே கீழே கார்பார்க்குக்குப் போனாள், ஏழு மணிக்கெல்லாம் இருவரும் மேலே வந்துவிட்டார்கள். பத்து மணிவாக்கில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், நடை தள்ளாடியது. மணல் தட்டில் வழக்கத்தைவிட அதிகமாகச் சிறுநீர். அப்பா, "இவளும் ரெண்டு கிளாஸ் போட்டுட்டா போல" என்றார், எல்லாரும் சிரித்தோம். சனிக்கிழமை முழுக்கத் தூங்கினாள். வாந்தி நின்றுவிட்டதால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். ஞாயிறு காலை கிளினிக்கில், சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை, சிறுநீரில் படிகங்கள் இருக்கின்றன, கூலண்ட் நக்கியிருக்கலாம் என்றார்கள். திங்கள் பிற்பகல் போய்விட்டாள்.

அப்பா லாரி ஓட்டுகிறார். அந்த வெள்ளிக்கிழமை ரேடியேட்டருக்குக் கூலண்ட் ஊற்றும்போது கொஞ்சம் சிந்திவிட்டது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ, யாரோ வேண்டுமென்றே விஷம் வைத்திருக்கிறார்கள் என்கிறார். இணையத்தில் தேடினால் எல்லாம் பனி பெய்யும் ஊர்களின் கதையாக இருக்கிறது. இது கூலண்டால்தானா? அன்றிரவே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாளா? வீட்டில் பதினைந்து கிலோவில் ஒரு நாயும் இருக்கிறது. அவனுக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்:

மீனு போனதற்கு வருந்துகிறேன். அவள் தள்ளாடியதைப் பார்த்துச் சிரித்ததை நினைத்து நீங்கள் இப்போது குமைந்துகொண்டிருப்பீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அந்தச் சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் பிறகு பேசுகிறேன், ஏனென்றால் அப்பா சொன்னது ஒருவகையில் சரியான நோய்க்கணிப்பு.

முதலில், கூலண்டால்தானா என்ற கேள்வி. நீங்கள் எழுதியிருக்கும் நேரக் கணக்கை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அதுதான். ஆனால் கிளினிக்கில் ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சிறுநீரில் படிகம் என்றாலே கூலண்ட் என்று ஆகிவிடாது. கால்சியம் ஆக்சலேட் படிகத்தில் இரண்டு ரகம் உண்டு. நுண்ணோக்கியில் தபால் உறை மாதிரி, குறுக்கே பெருக்கல் குறி போட்டதுபோலத் தெரியும் டைஹைட்ரேட், நன்றாக இருக்கும் பூனையின் சிறுநீரில்கூட அவ்வப்போது தென்படும். மெல்லிசாக, நீளமாக, வேலிப் பலகை மாதிரி முனை கூராக இருக்கும் மோனோஹைட்ரேட் கூட்டமாகத் தெரிந்து, கூடவே சிறுநீரகமும் திடீரென்று நின்றிருந்தால், எங்களுக்கு முதலில் தோன்றுவது கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால். எந்த ரகம் என்று கிளினிக்கில் எழுதி வைத்திருப்பார்கள். கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்றும் உங்களிடம் கேட்க வேண்டும். அந்த வாரம் வீட்டில் லில்லிப் பூ இருந்ததா? பூங்கொத்துகளில் வருமே, சீனப் புத்தாண்டு சமயத்தில் வீடு வீடாகப் போகுமே, அந்தப் பூ. அதன் இலை, இதழ், பூ வைத்த ஜாடித் தண்ணீர், ஏன், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் ஓரிரு நாளில் போய்விடும். இளம் பூனை, திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு என்று வந்தால் நான் முதலில் கேட்பது இந்த இரண்டைப் பற்றித்தான். லில்லி இல்லை, கீழே கூலண்ட் சிந்தியிருந்தது, மூன்று மணி நேரத்தில் தள்ளாட்டம் என்றால் எனக்குப் பெரிய சந்தேகம் மிச்சமில்லை.

அடுத்து, பனி இல்லாத ஊரில் ஆன்டிஃப்ரீஸ் எதற்கு? பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. பனி நாட்டில் ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றுவதும், இங்கே "கூலண்ட்" என்று பெட்ரோல் நிலையத்தில் வாங்கி ஊற்றுவதும் பல நேரம் ஒரே சரக்கு. எத்திலீன் கிளைக்காலைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் அது சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நமக்கு அது தேவையில்லை. ஆனால் அதே கலவை 100 டிகிரியில் கொதிக்காமல் இன்னும் ஏழு டிகிரி தாங்கும், ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தில் அதைவிடவும் அதிகமாகத் தாங்கும். சாமான் ஏற்றிக்கொண்டு பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் நடுப்பகலில் நிற்கும் லாரிக்கு அது வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் மருந்தும் அதிலேயே இருக்கிறது. ஆக, உறைபனி இல்லாத ஊரிலும் ஒவ்வொரு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழும் இந்தத் திரவம் நின்றுகொண்டிருக்கிறது.

வெப்ப நாடுகளுக்கென்று கிளைக்கால் குறைவாகவோ, அறவே இல்லாமலோ வரும் கூலண்டுகளும் கடையில் உண்டு. நிறத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. பச்சை, இளஞ்சிவப்பு, நீலம், ஆரஞ்சு எல்லாம் கம்பெனிக்காரர் போடும் சாயம், பச்சைதான் விஷம் என்பது கட்டுக்கதை. பாட்டிலின் பின்பக்கத்தையோ, அந்தப் பொருளுக்கான பாதுகாப்புத் தாளையோ எடுத்து 107-21-1 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது எத்திலீன் கிளைக்காலின் அடையாள எண், எந்த நாட்டில் தயாரித்தாலும் மாறாது. 57-55-6 என்றிருந்தால் அது புரொப்பிலீன் கிளைக்கால். அதையும் நக்க விடக் கூடாது, ஆனால் ஆபத்து பல மடங்கு குறைவு. (அதுவும் நாயைவிடப் பூனைக்குத்தான் ஆகாது, சிவப்பணுக்களைக் கெடுக்கும். அமெரிக்காவில் 1996-லேயே பூனை உணவில் அதைச் சேர்க்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.)

எவ்வளவு நக்கினால் ஆபத்து என்று கேட்டால், பதில் உங்களை வருத்தும், ஆனாலும் சொல்ல வேண்டும். பூனைக்குக் கலக்காத எத்திலீன் கிளைக்கால் கிலோவுக்கு சுமார் 1.4 மில்லிலிட்டர் போதும். மீனு நாலு கிலோ. ஐந்தரை மில்லிலிட்டர், ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் என்றால் இரண்டு தேக்கரண்டி. நாய்க்கு கிலோவுக்கு 4.4 மில்லிலிட்டரிலிருந்து ஆபத்து, அதாவது உங்கள் பதினைந்து கிலோ நாய்க்குக் கலக்காத சரக்கு 66 மில்லிலிட்டர் அளவில் உயிருக்கே ஆபத்து. அதற்குக் குறைவாகக் குடித்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, குறைவான அளவிலும் சிறுநீரகம் அடிபடும்.

இனிப்பாக இருப்பதால்தான் பிராணிகள் தேடிப்போய்க் குடிக்கின்றன என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். நாய்க்கு அது பொருந்தும். பூனைக்குப் பொருந்தாது, ஏனென்றால் பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு ஒன்று பூனை இனத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். ரசமலாயை உங்கள் பூனை நக்கினால் அதற்கு வேண்டியது பால்தான், சர்க்கரை அல்ல. பிறகு கூலண்ட் எப்படி உள்ளே போகிறது? தாகத்தில் நக்கலாம். இல்லையென்றால் சிந்தியதன் மேல் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சுத்தமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பாதமாக நக்கித் துடைக்கும். மீனு மேலே வந்ததும் கால்களை நக்கினாளா என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. பூனை எப்போதும் செய்கிற வேலை அது, யார் கவனிப்பார்கள்?

சரி, இப்போது அந்த "ரெண்டு கிளாஸ்" விஷயம். எத்திலீன் கிளைக்கால் ஆல்கஹாலின் உறவுக்காரன். உள்ளே போன அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் மூளையைத் தொடும்போது பிராணி உண்மையிலேயே போதையில்தான் இருக்கிறது. தள்ளாட்டம், வாந்தி, மந்தம், அதிகச் சிறுநீர். இந்தக் கட்டத்தில் அந்தத் திரவம் அவ்வளவு பெரிய கொலைகாரன் இல்லை. அதைக் கொலைகாரன் ஆக்குவது பிராணியின் கல்லீரல்தான். ஆல்கஹாலை உடைப்பதற்கென்று அங்கே இருக்கும் ஒரு நொதி, இதையும் ஆல்கஹால் என்று நினைத்து உடைக்கிறது. படிப்படியாக கிளைக்காலிக் அமிலம், கடைசியில் ஆக்சாலிக் அமிலம். முன்னது ரத்தத்தையே புளிக்க வைக்கும். பின்னது ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு படிகமாகி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். உங்கள் டாக்டர் பார்த்த படிகம் அங்கிருந்து வந்ததுதான்.

வைத்தியமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. கோப்பிக்கடையில் ஒரே ஒரு அங்கிள் கோப்பி கலக்குகிறார் என்று வையுங்கள். அவருக்கு வழக்கமான வாடிக்கையாளர் மேல் பிரியம் அதிகம், அவர்கள் வந்துகொண்டே இருந்தால் புதிதாக வந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்த அங்கிள்தான் நொதி, வழக்கமான வாடிக்கையாளர் சாதாரண ஆல்கஹால். ரத்த நாளம் வழியாக எத்தனால் ஏற்றினால் நொதி அதிலேயே மூழ்கிக் கிடக்கும், கிளைக்கால் உடையாமல் அப்படியே சிறுநீரில் போய்விடும். இதைவிட நல்ல வழி ஃபோமெபிசோல் என்ற மருந்து, அது அங்கிளின் கையையே கட்டிப்போட்டுவிடும். அமெரிக்காவில் இந்த மருந்துக்கு நாய்களுக்கு 1996-லும், மனிதர்களுக்கு அடுத்த வருடம் 1997-லும் அனுமதி கொடுத்தார்கள். நாய் முந்திக்கொண்ட அபூர்வமான மருந்துகளில் அது ஒன்று.

உடனே ஒரு எச்சரிக்கை. அப்படியானால் வீட்டிலேயே கொஞ்சம் பிராந்தி ஊற்றிவிடலாமே என்று தோன்றும், எனக்கு அப்படிக் கேட்டு இரவில் போன் வந்திருக்கிறது. வேண்டாம். எத்தனால் வைத்தியம் என்பது எடை பார்த்து, நரம்பில் ஏற்றி, சர்க்கரையும் மூச்சும் குறைகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஏற்கெனவே தள்ளாடும் பிராணியின் வாயில் எதை ஊற்றினாலும் பாதி நுரையீரலுக்குப் போகும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் அதேபோலத்தான், உப்பே விஷமாகிவிடும். கரி மாத்திரையும் பயன்படாது, கிளைக்கால் அதில் சரியாக ஒட்டாது.

இனி நீங்கள் உண்மையில் கேட்க நினைத்த கேள்விக்கு வருகிறேன். அன்றிரவே கொண்டுபோயிருந்தால்? நான் மழுப்ப மாட்டேன். நாய்க்கு எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மருந்து ஏறினால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. பூனைக்கு அந்த அவகாசம் மூன்று மணி நேரம்தான், அதற்கு மேல் வாய்ப்பு மளமளவென்று சரிந்துவிடும். மீனு ஏழு மணிக்கு முன்னால் நக்கியிருந்தால், நீங்கள் முதல் தள்ளாட்டத்தைப் பார்த்த பத்து மணிக்கே அவகாசம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்போதே டாக்ஸி பிடித்து, போய்ச் சேர்ந்து, ரத்தம் எடுத்து, இது கூலண்ட் என்று ஒருவர் கண்டுபிடித்து மருந்து ஏற்றுவதற்குள் பதினொன்றரை ஆகியிருக்கும். வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன், மிகச் சிறிய வாய்ப்பு இருந்தது. சனிக்கிழமைக்குள் அதுவும் இல்லை. ஞாயிறு காலை எந்த ஊர், எந்த டாக்டர் என்றாலும் முடிவு இதுவாகத்தான் இருந்திருக்கும். அதனால் சனிக்கிழமை தூங்க விட்டதை நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

அந்தச் சனிக்கிழமைத் தூக்கத்தைப் பற்றி எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இரவுப் பணியில் ஒரு போன். பட்டறை வைத்திருக்கும் ஒருவர், நாய் வாந்தி எடுக்கிறது, பின்னங்கால் இழுபடுகிறது, நிறையத் தண்ணீர் குடிக்கிறது என்றார். நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. வயிற்றுக் கோளாறாக இருக்கும், காலையில் கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். காலையில் அவர் மறுபடி போன் செய்து, "டாக்டர், நல்லாயிட்டான், வால ஆட்டுறான், சாப்பிடக்கூட வந்துட்டான்" என்றார். நான் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார். வாயில் புண், சிறுநீர் ஒரு சொட்டு இல்லை, வயிற்றில் கை வைத்தால் சிறுநீரகம் வீங்கி வலியில் துடித்தது. எத்திலீன் கிளைக்காலின் கொடுமை இதுதான். போதை இறங்கியதும் நாய் தேறிவிட்டதுபோலத் தெரியும், அந்த நேரத்தில்தான் உள்ளே அமிலம் உருவாகிக்கொண்டிருக்கும். பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மூச்சும் இதயத் துடிப்பும் வேகமாகும், அதுகூடப் பலர் கண்ணுக்குத் தெரியாது. நாய்க்கு ஒன்றிலிருந்து மூன்று நாளில் சிறுநீரகம் நிற்கும். பூனைக்கு பன்னிரண்டு, இருபத்துநாலு மணி நேரத்திலேயே. படித்த எனக்கே அன்று பிடிபடவில்லை. உங்கள் படிப்போ அப்பாவின் லாரி ஓட்டுகிற வேலையோ அதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

அடுத்து ஆன்ட்டியின் சந்தேகம். அவரைக் குறை சொல்ல முடியாது, 2015 கடைசியிலிருந்து ஈசூனில் பூனைகள் அடுத்தடுத்து இறந்து கிடந்த செய்திகளை அங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிராணிகளை வதைப்பது இங்கே சாதாரணக் குற்றமும் இல்லை. முதல் தடவைக்கே 15,000 வெள்ளி வரை அபராதம், 18 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் புளோக்கில் வேறு பூனைகளும் அதே வாரம் இறந்திருந்தாலோ, எங்காவது கிண்ணத்தில் பளிச்சென்ற நிறத்தில் தண்ணீர் வைத்திருந்ததைப் பார்த்தாலோ, தொடாமல் படம் எடுத்துத் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இருக்கும் ஏவிஎஸ் என்ற விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவிடம் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் இல்லை. சிந்திய கூலண்ட் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஒரு பூனை இருந்திருக்கிறது. இல்லாத ஒரு கொலைகாரனைத் தேடினால் அப்பாவுக்குத் தற்காலிகமாக ஆறுதல் கிடைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பிப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

உங்கள் நாய் விஷயம். இரண்டு வாரம் ஆகிவிட்டது, சாப்பிடுகிறான், சிறுநீர் சரியாகப் போகிறான் என்றால் அந்த வெள்ளிக்கிழமை அவனைத் தொடவில்லை. மனசு கேட்காவிட்டால் ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்த்துவிடலாம், வேறொன்றும் வேண்டாம். இனி எப்போதாவது கூலண்டை நக்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தால், தள்ளாட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். பாதத்தையும் மூஞ்சியையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, கூலண்ட் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு, இருபத்துநாலு மணி நேரக் கிளினிக்குக்குக் கிளம்புங்கள். போகும் வழியிலேயே போன் செய்து "எத்திலீன் கிளைக்கால்" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். ஃபோமெபிசோலோ, ஊசி வழியாக ஏற்றும் எத்தனாலோ கையில் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்றால் எங்கே இருக்கிறது என்று அவர்களையே விசாரிக்கச் சொல்லுங்கள். பனி நாட்டு டாக்டர்கள் இதை அடிக்கடி பார்க்கிறார்கள். நான் இத்தனை வருடத்தில் பார்த்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதனால் நீங்களே முதலில் சொன்னால் எங்கள் புத்தியும் சீக்கிரம் அந்தப் பக்கம் ஓடும். சில கூலண்டுகளில் ஒழுகலைக் கண்டுபிடிப்பதற்காக ஒளிரும் சாயம் போட்டிருப்பார்கள், புற ஊதா விளக்கைப் பிடித்தால் நாயின் மீசையும் பாதமும் பச்சையாக மின்னும். மின்னாவிட்டால் நக்கவில்லை என்று முடிவு கட்ட முடியாது, எல்லாச் சரக்கிலும் அந்தச் சாயம் இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தமிழ் வீடு என்பதால். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று கடந்த சில வருடங்களாக நம்புகிறோம். அந்த அமிலம் நிறைய இருக்கும் இன்னொரு பொருள் நம் புளி. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதையும் பார்த்திருக்கிறார்கள். மீந்துபோன புளியோதரையை, ரசஞ்சோற்றை அவன் தட்டில் போடுகிற பழக்கம் பாட்டிக்கு இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

மறுபடி ஒரு பூனை வளர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒருநாள் கேட்பீர்கள். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இரண்டு பூனை வரை முறையாக வளர்க்கலாம், உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். அப்போது கதவுக்கும் ஜன்னலுக்கும் வலை போட்டு வீட்டுக்குள்ளேயே வளருங்கள். அப்பா பின்னால் கீழே போகிற பழக்கம் பார்க்க அழகுதான், எனக்கும் புரிகிறது. கார்பார்க் தரையில் என்னென்ன கிடக்கிறது என்று தெரிந்த பிறகு என்னால் அதை ரசிக்க முடியவில்லை.

கடைசியாக அப்பா. "உங்கள் தப்பே இல்லை" என்று அவரிடம் சொல்லாதீர்கள், நம்ப மாட்டார். கூலண்ட் சிந்தியது, அவர் துடைக்கவில்லை, அது நடந்ததுதான். ஆனால் அதைத் துடைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதை ஈசூனில் எத்தனை ஓட்டுநர் படித்திருப்பார்கள்? இந்தக் கடிதத்தின் பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள், பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: கூலண்ட் ஏன் குறைந்தது?

ஏனென்றால் ரேடியேட்டர் என்பது மூடிய சுற்று. நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் கூலண்ட் அப்படியெல்லாம் குறையாது. ஊற்ற வேண்டி வந்தது என்றால் குழாயிலோ, கிளிப்பிலோ, தண்ணீர் பம்பிலோ எங்கேயோ ஒழுகுகிறது. வெள்ளிக்கிழமை சிந்தியது ஒருநாள் கதை. ஒழுகல் இருந்தால் அவர் வண்டி நிற்கும் இடத்தில் ஒவ்வொரு இரவும் சொட்டிக்கொண்டிருக்கும், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி அந்த வண்டிகளுக்கு அடியில் படுக்கிற பூனைகள் உங்கள் புளோக்கிலேயே நாலைந்தாவது இருக்கும். இன்றிரவு வண்டியை நிறுத்தியதும், முன்பக்கம் எஞ்சினுக்குக் கீழே பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்துப் போடச் சொல்லுங்கள். காலையில் எடுத்துப் பார்த்தால் எங்கே சொட்டியிருக்கிறது என்று தெரியும், அதை வைத்துக்கொண்டே வொர்க்‌ஷாப்புக்குப் போகலாம். அதுவரைக்கும் தரையில் சிந்தியிருப்பதன் மேல் மீனுவின் மிச்ச மணலைக் கொட்டி, ஊறியதும் கூட்டிப் பைக்குள் கட்டிப் போட்டுவிட்டு, சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டு வாசலில் பூந்தொட்டிப் பக்கம் கூலண்ட் பாட்டில் இருந்தால் அதைப் பூட்டுகிற அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். கீழே இருக்கும் பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கிறவர் யார் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் நல்ல தண்ணீரும் ஒரு கிண்ணம் வைக்கச் சொல்லலாம், குடிக்க நல்ல தண்ணீர் இருந்தால் தரையில் தேங்கியதைத் தேடி நக்குவது குறையும். தினமும் மாற்ற வேண்டும், கொசு வந்துவிட்டால் அது வேறு தலைவலி.

அட்டையில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.